வவுனியாவில் ஒரு பழம்பொருட்கடை: மூக்குப்பேணி வாங்கலாம், பழங்காசு வேண்டாம்

வவுனியா நகரிலுள்ள இந்தப் பழம்பொருட்கடையின் பெயரை, கீழே சொல்லப்போகும் குறையை முன்னிட்டுத் தவிர்த்துவிடுகிறேன். வீட்டுப் பாவனைப் பொருள் தேடுவோருக்கு இது நல்ல கடை. குத்துவிளக்கு, தாம்பாளம், பாக்குவெட்டி எல்லாம் இருக்கின்றன, விலையும் நியாயம். நான் எடுத்த மூக்குப்பேணியின் (மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம்) மூக்கு பிறகு ஈயம் வைத்து ஒட்டப்பட்டது என்பதைக் கடைக்காரரே காட்டி விலையைக் குறைத்தார்.

அதே நேர்மை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடி அலுமாரியில் இல்லை. அதில் 1790 என்று பொறித்த ஒல்லாந்தர் காசுகளும், படுத்திருக்கும் நந்தியின் கீழே 'சேது' என்றெழுதிய யாழ்ப்பாண அரசர் காசுகளும், அவற்றுக்குப் பின்னால் பீடத்திலிருந்து நெம்பிப் பெயர்த்த தடம் பளிச்சென்று தெரியும் சிறிய வெண்கல அம்மனும் இருந்தன. காசுகளின் இடுக்கில் மண் இன்னும் ஒட்டியிருந்தது. எங்கிருந்து வந்தவை, அதற்குத் துண்டு, அதாவது பத்திரம், ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "தம்பி, ஊர்ச்சனம் கொண்டுவந்து தாறது, துண்டு கேட்டால் ஆர் தருவினம்?" என்றார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பதியிடம், உடுப்புக்குள் சுற்றி வைத்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட காசு, சிலை, நகை போன்றவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அவற்றை உத்தரவுப்பத்திரமின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. காணி நம்முடையது என்பதற்காக அதில் புதைந்து கிடப்பது நமக்குச் சொந்தமாகிவிடாது. அது அரசுக்கு உரியது. வன்னியில் புதையல் தோண்டுவோர் ஸ்கேனர் கருவியோடு பிடிபடுவது செய்தித்தாள் வாசிப்போருக்குப் புதிதல்ல, ஆனால் தோண்டியதை வாங்க இப்படி ஓர் அலுமாரி இருப்பதால்தான் அவர்கள் தோண்டுகிறார்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

துண்டு இருந்தாலும் முழுமையாக நம்பிவிட முடியாது என்பது வேறு கதை. தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசரை, போலிப் பத்திரங்களோடு நியூயோர்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் விற்க, அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்த பழைய படங்கள் உண்மையைக் காட்டிக்கொடுக்க, 2014இல் சிலை இந்தியா திரும்பியது. வேறொரு கோயிலின் சிலைக் களவு வழக்கில் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இடம்பெயர்வில் ஆளற்றுக் கிடந்த நமது கோயில்கள் பலவற்றின் விக்கிரகங்களுக்கு அப்படி ஒரு படமாவது இருக்குமா? அந்த அம்மன் எந்த ஊராள் என்று இனி யாரால் நிறுவ முடியும்?

பேணிக்கும் விளக்குக்கும் ஐந்தில் நான்கு கொடுக்கலாம். கண்ணாடி அலுமாரிக்கு ஒன்றும் கொடுப்பதற்கில்லை. அது அங்கே இருக்கும்வரை வெளிநாட்டு உறவினர் யாரையும் இந்தக் கடைக்கு நான் கூட்டிப்போவதாக இல்லை.