தருமபுரியில் ஒரு வாடகைப் படிப்பகம்: மைக்ரோபயாலஜி படிக்க உதவுமா?

பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஏசி சுமார், ஆனால் உள்ளே சத்தமே இருக்காது. எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டுப் பசங்களுக்கு உண்மையில் உதவுவது பேசிப் படிக்கிற சின்ன அறையும் அங்கே இருக்கும் வெள்ளைப் பலகையும். புத்தகத்தை மூடிவிட்டு, பாக்டீரியாக்களை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரிக்கிற கிராம் சாயமேற்றலை எழுதிப் பாருங்கள்: கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின், தடித்த செல்சுவர் உள்ளவை ஊதாவாகவே நிற்கும், மற்றவை இளஞ்சிவப்பாகிவிடும், காசநோய்க் கிருமிக்கு இது சரிப்படாது, அதற்கு சீல்-நீல்சன் என்ற வேறு சாயமேற்றும் முறை வேண்டும். பக்கத்தில் ஒரு தம்பி "அடுத்து என்னண்ணா?" என்று கேட்டால் தூக்கமெல்லாம் ஓடிவிடும், சோர்வும்தான். பிளக் பாயிண்ட் போதாது. கட்டணம் கொஞ்சம் அதிகம், அதனால் தேர்வு நெருங்கும்போது மட்டும் சேருங்கள்.