கிளாப் அடிக்காத இரண்டு ராத்திரிகள்

மார்கழியில் சபா கச்சேரிகளை வீடியோ எடுத்து எடிட் செய்வது என் தொழில். ஒரு வயலின் கச்சேரிக்கு மூன்று கேமரா வைத்தேன், ஒலியைத் தனியாகப் பதிந்தேன். தொடக்கத்தில் கைதட்டி அடையாளம் வைக்க மறந்துவிட்டேன். வில் இறங்குவதையும் ஒலியையும் பொருத்தி முடிக்க நாலு ராத்திரி ஆனது. 'அமேசிங் கிரேஸ்' என்ற அமெரிக்கக் கச்சேரிப் படம் வந்த கதையைக் கேட்டபோது அதனால்தான் வயிறு கலங்கியது.

1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம். 29 வயது அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் காஸ்பல் எனும் கிறிஸ்தவ பக்திப் பாடல்கள் பாடுகிறார். படம் பிடித்தவர் ஹாலிவுட் இயக்குநர் சிட்னி போலாக். கிளாப் போர்டு இல்லாமலே எடுத்துவிட்டார்கள். இசைத்தட்டு அந்த வருஷமே வந்து சக்கைப் போடு போட்டது. படமோ ஒலியோடு சேராமல் பெட்டியில் கிடந்தது. பிற்பாடு தயாரிப்பாளர் ஆலன் எலியட் டிஜிட்டல் முறையில் பொருத்தி முடித்தார். ஆனால் அரேதாவே நீதிமன்றம் போய்த் தடுத்தார். அவர் 2018இல் மறைந்தபின், குடும்பத்தார் சம்மதித்து, அந்த வருஷக் கடைசியில் திரைக்கு வந்தது.

படத்தில் பேட்டி கிடையாது, பின்னணிக் குரலும் கிடையாது. அரேதா பேசுவதே அபூர்வம். விளக்கு வெப்பத்தில் அவர் முகம் முழுக்க வியர்வை. இரண்டாம் ராத்திரி அவர் பியானோவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது, போதகரான அவர் அப்பா எழுந்து வந்து கைக்குட்டையால் மகளின் முகத்தைத் துடைத்துவிடுகிறார். அரேதா கண்ணைத் திறக்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை. இதை நான் எத்தனை தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

முதல் ராத்திரி, படத்தின் பெயராக இருக்கும் பாட்டு. பியானோ வாசிக்கும் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் தாங்க முடியாமல் போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். பின்னால் வெள்ளி நிற அரைக்கோட்டு போட்ட பாடகர் குழுவில் ஒவ்வொருவராக எழுகிறார்கள். அவர்களும் பாட வந்தவர்கள்தான், அந்த நிமிஷம் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். நல்ல கச்சேரிப் படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. எங்கள் சபா வீடியோக்களில் வித்வானின் விரலுக்கு மேல் விரலாகக் காட்டுகிறோம். முதல் வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி உருகும் மாமியை விட்டுவிடுகிறோம். போன சீசனிலிருந்து ஒரு கேமராவை முழுக்க ரசிகர்கள் பக்கம் திருப்பிவிட்டேன்.

படப்பிடிப்பு சுத்தமில்லை. ஃபோகஸ் தேடி அலைகிறது, கேமராக்காரர்கள் ஃபிரேமுக்குள் ஓடுகிறார்கள், அங்கே எடு என்று போலாக்கே கை காட்டுகிறார். எனக்கு அது உறுத்தவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது என்பது அந்தத் தடுமாற்றத்தில் தெரிகிறது. உறுத்தியது திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் இடங்கள்தான். ஒரு முகத்தில் ஊன்றிப் பார்க்கும்போது பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

ஒலிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸும் சக் ரெய்னியின் பேஸ் கிதாரும் பாட்டை மேலே ஏற்றிவிட்டு அடக்கமாக நிற்கின்றன, நல்ல மிருதங்கக்காரர் செய்வது மாதிரி. ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் காதிலேயே விழாது. ஹெட்ஃபோனாவது போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம்தான், நடுவில் நிறுத்தாமல் பாருங்கள்.