"கியர் ஆயில் எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்

மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது என் கார் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. அதுவரை ஒரு நாள்கூட அப்படிச் சத்தம் போட்டதில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருந்தேன். பில்லில் "கியர் ஆயில், 2 லிட்டர்" என்று ஒரே வரி. என்ன கிரேடு, என்ன கம்பெனி, ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பக் கொண்டுபோய் விட்டேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "கிளட்ச் பிளேட் தேய்ஞ்சுடுச்சு சார், மாத்தினா வெண்ணெய் மாதிரி விழும்" என்றார்கள். நம்பினேன். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட் முழுவதையும் மாற்றி, மூன்று நாள் கழித்து வண்டியைத் தந்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அதே கர்ர்ர். "புதுசு இல்லையா, பழகினா சரியாயிடும்" என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது.

எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்றால், வண்டி நிற்கும்போதே தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது முதல் கியர் முரண்டு பிடிக்கும், இன்ஜினை அணைத்தால் எளிதாக விழும். பெரும்பாலும் சின்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) இல்லாத ரிவர்ஸ் கியர்தான் முதலில் கத்தும். என் வண்டியில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. ஓட்டத்தில் இருக்கும்போது, அதுவும் கீழே இறக்கும்போது மட்டும்தான் தகராறு. இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் எந்த மெக்கானிக்குக்கும் இது புரிந்திருக்கும். கிளட்ச் விற்க வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு எதற்கு ஓட்டிப் பார்க்கிற வேலை?

கடைசியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "தம்பி, உள்ள என்ன ஆயில் இருக்கு?" என்றுதான். தெரியாது என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றினார். அது திறக்காமல் அடம் பிடித்தால், கீழே வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான் என்றார். பிறகு டிரெயின் பிளக். கெட்டியாக, தேன் போல இறங்கியது. கந்தக வாடை மூக்கில் ஏறியது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. அது எல்லா கியர்பாக்ஸிலும் இருப்பதுதானாம். தட்டில் இருந்த ஆயிலை டார்ச் அடித்துக் காட்டினார். பொன் நிறத்தில் மினுமினுவென்று தூள். காந்தத்தில் ஒட்டாத தூள். பித்தளை.

சின்க்ரோ வளையம் பல வண்டிகளில் பித்தளையில்தான் இருக்கும், என் வண்டியிலும் அப்படித்தான். கியரின் வேகத்தையும் அது சேர வேண்டிய தண்டின் வேகத்தையும் உரசிச் சமன் செய்வதுதான் அதன் வேலை. உரச வேண்டுமென்றால் ஆயில் அளவுக்கு மீறி வழுக்கக் கூடாது, அளவுக்கு மீறிக் கெட்டியாகவும் இருக்கக் கூடாது. என் வண்டியின் கையேடு கேட்பது ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90. முதலாவது எந்த வேலைக்கான ஆயில் என்கிற வகை, இரண்டாவது அதன் கெட்டித்தன்மை. அந்த ஒர்க்‌ஷாப்பில் பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றியது ஜிஎல்-5, 85டபிள்யூ-140. அது பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலில், ஹைபாய்டு எனப்படும் வளைந்த பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி வழுக்கும் இடத்துக்கானது. அந்த அழுத்தத்தைத் தாங்க கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ப்பார்கள். சூட்டில் வினைபுரியும் கந்தகத்துக்கும் பித்தளை போன்ற செம்பு கலந்த உலோகத்துக்கும் ஆகாது. இப்போது வரும் சில ஜிஎல்-5 ஆயில்கள் செப்புத் தகடு அரிப்புச் சோதனையில் தேறுகின்றன, உண்மைதான். ஆனால் அரிக்கவில்லை என்பது வேறு, சின்க்ரோவுக்கு வேண்டிய உரசல் கிடைக்கிறது என்பது வேறு.

பழைய பில்லோடு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "ஜிஎல்-5தான் சார் பெரிசு. உங்களுக்கு நல்லதாத்தான் போட்டிருக்கோம்" என்றார் முதலாளி. நாலைவிட அஞ்சு பெரிது. இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு கியர்பாக்ஸைக் கெடுத்திருக்கிறார்கள். எழுதித் தரச் சொன்னேன். "பில்லுல கியர் ஆயில்னுதானே இருக்கு? கியர் ஆயில்தானே ஊத்தினோம்?" என்று சிரித்தார். அதற்கு மேல் பேச என் கையில் எதுவும் இல்லை.

எல்லா வண்டிக்கும் ஜிஎல்-4 என்று இதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். சில மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஆட்டோமேட்டிக் வண்டிக்கான ஏடிஎஃப்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலையே கேட்கும் கியர்பாக்ஸும் உண்டு, ஜிஎல்-5 கேட்பதும் உண்டு. கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். கிரேடு எண்களைப் பார்த்தும் மிரளாதீர்கள்: கியர் ஆயிலின் அளவுகோல் வேறு, இன்ஜின் ஆயிலின் அளவுகோல் வேறு. 75டபிள்யூ-90 கியர் ஆயில், சூடான நிலையில் 40, 50 கிரேடு இன்ஜின் ஆயிலின் கெட்டித்தன்மைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். டின்னில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தால் நான் தொட மாட்டேன். சீல் உடைக்காத டின்னைக் கண்ணால் பார்த்து, கிரேடைப் பில்லில் எழுத வைத்த பிறகே பிளக்கில் கை வைக்க விடுங்கள். பீப்பாய் ஆயில் என்றால் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

சரியான ஆயில் ஊற்றிய பிறகு சத்தம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. காலையில் இன்ஜின் சூடேறும்வரை மட்டும் இரண்டாவது கியர் இன்னும் முனகுகிறது. நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தித்தான் போடுகிறேன். வளையம் தேய்ந்தது தேய்ந்ததுதான், மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் பெரியவர். அதற்குக் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். தேவையே இல்லாத கிளட்சுக்காக ஒரு முறை இறக்கிய அதே கியர்பாக்ஸை.