கல் வட்டமா, ஓக் வட்டமா?

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்தைத் தெரியாதவர் இல்லை. நார்ஃபோக் கடற்கரையில் 1998-ல் மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்ட சீஹெஞ்சைத் தெரிந்தவர்கள் குறைவு. அதுவும் பழங்கால வட்டம்தான், ஆனால் முழுக்க ஓக் மரத்தால் ஆனது.

வயதைச் சொல்வதில் மரம்தான் கெட்டிக்காரன். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நின்றன என்று சுமாராகத்தான் சொல்ல முடிகிறது. சீஹெஞ்ச் மரங்களோ கி.மு. 2049-ல், வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ வெட்டப்பட்டவை. மரத்துக்குள் இருக்கும் ஆண்டு வளையங்களை எண்ணியே கண்டுபிடித்துவிட்டார்கள். 55 ஓக் கட்டைகள், பட்டை பெரும்பாலும் வெளிப்பக்கம். நடுவில் ஒரு பெரிய அடிமரம், தலைகீழாக, வேர்கள் வானத்தைப் பார்த்தபடி! அதை இழுத்துவந்த ஹனிசக்கிள் கொடிக் கயிறுகூட அப்படியே கிடைத்தது.

கல் வட்டத்தின் பலம் பிரம்மாண்டம். சராசரியாக 25 டன் கற்கள், இன்றும் வெட்டவெளியில் நிற்கின்றன. சீஹெஞ்சைப் பார்க்க கிங்ஸ் லின் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, இரண்டுக்கும் என்ன உறவு? ஸ்டோன்ஹெஞ்சில் நிற்கும் கல்லின் உச்சியில் ஒரு முளை, மேலே கிடக்கும் கல்லின் அடியில் அதற்கேற்ற குழி. கதவு நிலைக்குத் தச்சர் போடுகிற அதே இணைப்பு! மரத்தில் பழகிய கைகள்தான் அந்தக் கல்லையும் செதுக்கியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால், நான் சீஹெஞ்சுக்கே போவேன்.