எம்.எல்.பி. டிவி: கிருஷ்ணகிரியிலிருந்து சியாட்டில் மரைனர்ஸைப் பின்தொடர்பவரின் மதிப்புரை

அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் போட்டியை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பின் எம்.எல்.பி. டிவி என்ற இணைய ஒளிபரப்புச் சேவை, கிருஷ்ணகிரியில் வாழ்ந்துகொண்டு சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காக ஏங்கும் ஒருவருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, குறிப்பாகப் பருவ முடிவில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் அக்டோபர் மாத பிளேஆஃப் ஆட்டங்களின்போது கொடுத்த காசுக்குத் தகுமா என்பதைப் பற்றியது இந்த மதிப்புரை. தகும் என்பதே என் முடிவு. ஆனால் சந்தா கட்டுவோரில் பலர் தொட்டும் பார்க்காத வானொலி வர்ணனைதான் அந்தச் சேவையின் உயிர்நாடி என்பதையும், பிளேஆஃப் தொடங்கியபின் அதன் மதிப்பு இன்னும் கூடிவிடுகிறது என்பதையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அணியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். மரைனர்ஸ் 1977-இல் தொடங்கப்பட்ட அணி. மேஜர் லீகில் உள்ள 30 அணிகளில் வேர்ல்டு சீரிஸ் எனப்படும் இறுதித் தொடரில் ஒருமுறைகூட ஆடாத அணி இது ஒன்றுதான். 2001-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி வந்துசேர்ந்த முதல் பருவத்தில் 162 ஆட்டங்களில் 116-ஐ வென்ற பிறகும் பிளேஆஃபில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது. அதன்பின் 2022 வரை பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்க முடியவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று ஆட்டக்காரர் கால் ராலே அடித்த ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) அந்த நீண்ட வறட்சியை முடித்துவைத்தது. என் அக்கா குடும்பத்தோடு சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில் குடியேறியபின் எனக்குப் பழக்கமான அணி இது. பழக்கம் பற்றாக மாறிய பிறகு வேறு அணியைப் பற்றி நான் நினைத்ததில்லை.

இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு மேற்குக் கடற்கரை அணியை விரும்புவதில் ஒரு பெரிய வசதி உண்டு. நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை மணிக்கு வரும். சியாட்டிலின் வழக்கமான மாலை ஆட்டம் அங்கே 6:40-க்குத் தொடங்குவதால், நம் கடிகாரத்தில் காலை 7:10. காபி குடித்துவிட்டு நிதானமாக உட்காரலாம். 2023-இல் பந்து எறிவதற்கான நேரக் கட்டுப்பாடு வந்தபின் ஆட்டத்தின் சராசரி நீளம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிட்டது என்பதால், பத்து மணிக்கு முன்பே பெரும்பாலும் முடிந்தும் விடும்.

சந்தா ஆண்டுக்கு 150 டாலரை ஒட்டி வருகிறது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்தால் நம் பணத்தில் இது சிறிய தொகை அல்ல. வங்கிச் செயலிக்குள் சென்று அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்த பிறகே பணம் செலுத்த முடியும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. ஆண்டு முழுவதும் பார்க்க நேரமில்லாதவர்கள் மாதச் சந்தாவை எடுத்துக்கொள்ளலாம்.

இனி இந்தச் சேவையின் முக்கியமான அம்சத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இதே சந்தாவைக் கட்டியவர்கள் தங்கள் வட்டார அணியின் ஆட்டத்தை நேரலையில் பார்க்க முடியாத தடை நெடுங்காலமாக இருந்துவருகிறது. பிளேஆஃப் ஆட்டங்களின் உரிமையும் அங்கே தேசியத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் இருக்கிறது. இந்தியாவில் இருப்பவருக்கு அந்த வட்டாரத் தடை இல்லை, பிளேஆஃப் ஆட்டங்களும் சந்தாவுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. மைதானத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் வாழும் என் அக்கா தனியாகத் தொலைக்காட்சி இணைப்பு வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தை, கிருஷ்ணகிரியில் நான் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறேன். தொலைவில் இருப்பவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை ஒன்றே கொடுத்த பணத்தில் பாதியை ஈடுகட்டிவிடுகிறது.

மீதிப் பாதியை ஈடுகட்டுவது வானொலி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரு அணிகளின் சொந்த வானொலி வர்ணனையையும் செயலியில் கேட்கலாம். சாதாரணப் பருவத்தில் தொலைக்காட்சியிலும் அணியின் சொந்த வர்ணனையாளர்கள் பேசுவார்கள். பிளேஆஃப் வந்ததும் தேசிய நிறுவனங்களின் வர்ணனையாளர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் திறமையானவர்கள்தாம், ஆனால் ஏப்ரல் முதல் ஒவ்வொரு நாளும் இந்த அணியோடு பயணம் செய்தவர்கள் அல்லர். எந்த பிட்சர் (பந்து எறிபவர்) மே மாதத்தில் தடுமாறினார், எந்த ஆட்டக்காரருக்கு ஆகஸ்டில் தோளில் வலி இருந்தது என்பதெல்லாம் வானொலிக் குரலுக்குத்தான் நினைவில் இருக்கும். மரைனர்ஸ் வானொலியில் 1977 முதல் 2010-இல் மறையும் வரை டேவ் நீஹாஸ் பேசினார். 1983-இல் அவரோடு வந்து சேர்ந்த ரிக் ரிஸ், 1992 முதல் 1994 வரை டெட்ராய்டில் இருந்த இடைவெளி தவிர, இதே அணியின் குரலாக இருந்துவருகிறார். இத்தனை ஆண்டுகள் பேசியும் தம் அணி ஆடும் ஒரு வேர்ல்டு சீரிஸ் ஆட்டத்தை வர்ணிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. நீஹாஸுக்கும் கிடைக்கவில்லை. பிளேஆஃப் நாட்களில் அந்தக் குரலைக் கேட்கும்போது, நம்மைவிட அதிகமாகக் காத்திருப்பவர் ஒருவர் பேசுகிறார் என்ற உணர்வு வரும். தொலைக்காட்சியில் அது வராது.

நடைமுறையிலும் வானொலியே எனக்குப் பொருந்துகிறது. ஓசூரில் வேலை என்பதால் ராயக்கோட்டை மேம்பாலம் அருகே கம்பெனி பஸ் ஏறும்போது ஆட்டம் தொடங்கியிருக்கும். குருபரப்பள்ளியைத் தாண்டிச் சூளகிரி வரையிலான நெடுஞ்சாலையில் என் கைபேசி இணைப்பின் சிக்னல் ஆங்காங்கே தளர்ந்துவிடும். அந்த இடங்களில் படம் நின்று நின்று ஓடும், ஒலி மட்டும் அறுபடாமல் வந்துகொண்டிருக்கும். டேட்டா செலவிலும் வேறுபாடு பெரிது. உயர் தரப் படமாக முழு ஆட்டத்தையும் பார்த்தால் நாளொன்றுக்கான இரண்டு ஜிபி அதிலேயே தீர்ந்துபோகும். வானொலி அதில் ஒரு சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது.

2025 அக்டோபரில் இந்தச் சேவைக்கு உண்மையான சோதனை வந்தது. ராலே அந்தப் பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடும் ஒருவர் ஒரே பருவத்தில் இத்தனை அடித்தது அதுவே முதல் முறை. 90 ஆட்டங்களை வென்று 2001-க்குப் பிறகு முதல் முறையாகத் தன் பிரிவின் முதலிடத்தைப் பிடித்த மரைனர்ஸ், ஐந்து ஆட்டத் தொடரில் டெட்ராய்ட் டைகர்ஸைச் சந்தித்தது. இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் நின்ற தொடரின் கடைசி ஆட்டம் நமக்கு அக்டோபர் 11, இரண்டாம் சனிக்கிழமை காலை 5:40-ஐ ஒட்டித் தொடங்கியது. டைகர்ஸின் தாரிக் ஸ்கூபால் ஆறு இன்னிங்ஸில் 13 பேரைப் பந்தைச் சரியாக அடிக்க விடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதில் ஏழு பேர் அடுத்தடுத்து. அவர் வெளியேறியபின் ஏழாவது இன்னிங்ஸில், தம் பிறந்தநாளன்று மாற்று ஆட்டக்காரராக வந்த மரைனர்ஸின் லியோ ரிவாஸ் அடித்த அடியில் ஸ்கோர் 2-2 ஆனது. அதற்குப் பிறகு ரன்னே இல்லாமல், வழக்கமான ஒன்பதையும் தாண்டி, இன்னிங்ஸ்கள் நீண்டுகொண்டே போயின. வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர்களான லோகன் கில்பர்ட்டும் லூயிஸ் காஸ்டியோவும் இடையில் வந்து பந்து எறிந்தார்கள். 15-ஆவது இன்னிங்ஸில் ஹோர்ஹே பொலான்கோ அடித்த பந்தில் ஜே.பி. கிராஃபோர்டு ஓடிவந்து சேர்ந்தபோது நேரம் பத்தரை மணி. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலி ஒருமுறைகூட நிற்கவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

வானொலி பயன்படாமல் போன ஒரு நாளும் உண்டு. அடுத்த கட்டமாக டொரன்டோ புளூ ஜேஸுடன் நடந்த ஏழு ஆட்டத் தொடரில், ஐந்தாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ராலே ஸ்கோரைச் சமன் செய்ய, எவ்ஹேனியோ சுவாரெஸ் மூன்று பேஸிலும் (ரன் எடுக்க ஓடுபவர் கடந்து வர வேண்டிய இடங்கள்) ஆட்கள் நிற்க ஹோம் ரன் அடித்து நான்கு ரன்களைச் சேர்த்தார். மரைனர்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று முந்தியது. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் வேர்ல்டு சீரிஸ் என்ற நிலையில் ஆறாவது ஆட்டம் நமக்குத் தீபாவளியன்று விடியற்காலை அமைந்தது. தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்த என்னிடம், "வெந்நீர் ஆறுது, எந்திரிப்பா" என்று அம்மா சொல்ல, "இந்த இன்னிங்ஸ் முடியட்டும்மா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டாசுக்கு அரசு அனுமதித்த நேரமான ஆறு மணி ஆனதும் தெருவெங்கும் சரவெடி வெடிக்கத் தொடங்கியது. காதில் செருகியிருந்த இயர்போனில் ஒரு சொல்லும் விழவில்லை. அப்போதுதான் படத்துக்கு மாறினேன். திரையின் ஓரத்தில் ஸ்கோர், எந்தெந்த பேஸில் ஆள் நிற்கிறார், எத்தனை அவுட் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது இன்னிங்ஸ்களில் மரைனர்ஸ் வரிசையாக டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இருவர் அவுட் ஆவது) மாட்டிக்கொண்டதை ஒலியே இல்லாமல் பார்த்தேன். 6-2 என்று தோல்வி.

மறுநாள் காலை ஏழாவது ஆட்டம். ஹூலியோ ரோட்ரிகஸும் ராலேயும் அடித்த ஹோம் ரன்களால் 3-1 என்று முன்னிலையில் இருந்தோம். ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது எங்கள் பிட்சர் எட்வர்ட் பசார்டோ எறிந்த பந்தை டொரன்டோவின் ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர் மூன்று ரன் ஹோம் ரனாக மாற்றினார். 4-3. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அணியின் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் மிகச் சிறந்த நிறைவு பிட்சரான ஆண்ட்ரெஸ் முன்யோஸை மேலாளர் டான் வில்சன் அந்த நேரத்தில் அழைத்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆட்டம் கையை விட்டுப் போகும் தருணம் எந்த இன்னிங்ஸில் வந்தாலும் சிறந்தவரை அப்போதே இறக்கிவிட வேண்டும். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு என்று காத்துவைப்பதற்கு ஏழாவது ஆட்டத்தில் இடமில்லை.

வேலை நாட்களில் மாலையில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. செயலியின் அமைப்புகளில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் முடிந்துபோன ஆட்டத்தையும் முடிவு தெரியாமல் முதலிலிருந்து பார்க்கலாம். அதோடு அறிவிப்புகளையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் எந்த இணைய நேரலையும் மைதானத்தைவிடச் சில நொடிகள் பின்தங்கித்தான் வரும், ஹோம் ரன் பற்றிய அறிவிப்பு படத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடும். நேரமே இல்லாத நாட்களுக்குச் சுருக்கப்பட்ட ஆட்டத் தொகுப்பு போதும். பிளேஆஃப் ஆட்டத்தை மட்டும் அப்படிச் சுருக்கிப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ் வர்ணனை கிடையாது. ஆட்டத்தின் விதிகளை ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு வானொலிக்கு வருவது நல்லது, இல்லையெனில் வர்ணனையின் வேகம் பிடிபடாது.

2026 பருவத்துக்குச் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். இந்த முறை என் நம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு. ஜாஷ் நெய்லர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அணியிலேயே தங்கிவிட்டார், ராலே 2030 வரை இருக்கிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பிட்சர் பிரையன் வூ. 2025-இல் தாம் தொடங்கிய முதல் 25 ஆட்டங்களிலும் தவறாமல் குறைந்தது ஆறு இன்னிங்ஸ் எறிந்த அவர், செப்டம்பரில் ஏற்பட்ட மார்புத் தசைக் காயத்தால் டெட்ராய்ட் தொடரில் ஆட முடியவில்லை, டொரன்டோ தொடரிலும் இடையில் வந்து சில இன்னிங்ஸ்களே எறிந்தார். பிட்சர்களான கில்பர்ட், ஜார்ஜ் கிர்பி ஆகியோரோடு அவரும் முழு உடல்நலத்துடன் அக்டோபரை அடைந்தால், ஏழு ஆட்டத் தொடரில் இந்த அணியை வெல்வது எவருக்கும் கடினம். மரைனர்ஸ் மட்டுமன்றி எந்த அணியைப் பின்தொடர விரும்புபவர்களும் அக்டோபர் வரை காத்திராமல் ஆகஸ்டிலேயே மாதச் சந்தாவை எடுத்து, முதல் சில வாரங்கள் வானொலியை மட்டும் கேட்டுப் பழகிக்கொண்டு பிளேஆஃபுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.