பூட் கேம்ப்பா, டிரக் கோர்ட்டா: குற்றத்தைக் குறைக்க எது தேவலாம்?

பூட் கேம்ப்னா தெரியும்ல, குற்றம் பண்ணின இளசுங்களுக்கு சாதாரண ஜெயிலுக்குப் பதிலா மொட்டை அடிச்சு, விடியக்காலைல எழுப்பிவிட்டு மிலிட்டரி மாதிரி ட்ரில், புஷ்-அப். 1983-ல ஜார்ஜியாவும் ஒக்லஹோமாவும் ஆரம்பிச்சு வச்சாங்க, 90கள்ல அமெரிக்கா பூரா பரவிடுச்சு.

அங்க வேலை பாக்குற ஸ்டாஃபுக்கு இது பிடிச்சுத்தான் இருந்துச்சு. குற்றவியல் ஆய்வாளர் டோரிஸ் மெக்கென்ஸியோட டீம் சிறுவர் கேம்ப்பையும் சாதா சிறுவர் ஜெயிலையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்போ, கேம்ப் ஸ்டாஃப்தான் தங்களோட இடத்தைப் பத்தி நல்லா சொன்னாங்க, பசங்களும் அப்படித்தான், ஆனா பசங்களுக்கு ஸ்டாஃபைப் பாத்துதான் பயம் ஜாஸ்தி! வார்டர் கண்ணுக்கு 90 நாள்ல நிமிர்ந்து நிக்கிற பையன் தெரியுறான், அதுக்கப்புறம் அதே தெரு அதே கூட்டாளிங்கன்னு போறவனைப் பாக்குறது, வெளிய இருக்கிறவங்களைக் கண்காணிக்கிற ப்ரொபேஷன் ஆபீசர்தானே. திரும்பத் தப்பு பண்றதுல, கேம்ப் போனவனுக்கும் போகாதவனுக்கும் மொத்தமா பாத்தா வித்தியாசமே இல்லைன்னுதான் ஆய்வுகள் சொல்லுது.

நியூயார்க் ரூட் வேற. 1987-ல ஆரம்பிச்சாங்க, 6 மாசம், ட்ரில்லோட சேத்து போதை சிகிச்சை, படிப்பு, வெளிய வந்தப்புறமும் கண்காணிப்பு. ஆனா என்னைக் கேட்டா அசல் விஷயம் ஆளை யாரு பொறுக்குறாங்கங்கறதுதான். பல மாநிலத்துல ஜட்ஜே அனுப்புவாரு, அவருக்கு ஜெயில்ல போடவும் மனசு வராது சும்மா விடவும் மனசு வராது, அதனால ப்ரொபேஷன்ல வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவனெல்லாம் கேம்ப்ல போய் நின்னான், ஜெயில் கூட்டம் எங்க குறையும்? நியூயார்க்ல ஆரம்பத்துல, ஏற்கனவே ஜெயில் தண்டனை வாங்கினவங்கள்ல இருந்து சிறைத்துறையே எடுத்துச்சு, அதான் காசு மிச்சமாச்சு.

டிரக் கோர்ட், அதாவது போதைப் பழக்கத்தால கேஸ்ல மாட்டினவங்களை ஜெயிலுக்குப் பதிலா சிகிச்சைக்கு அனுப்பிக் கண்காணிக்கிற கோர்ட், 1989-ல மயாமில வந்துச்சு. இங்க அதே ஜட்ஜ் முன்னாடி திரும்பத் திரும்பப் போய் நிக்கணும், யூரின் டெஸ்ட் ரிசல்ட் அவர் டேபிள்ல இருக்கும், சுத்தமா இருந்தா பாராட்டு, சொதப்பினா கொஞ்ச நாள் உள்ள. கேம்ப்புக்கு அனுப்பிட்டு மறந்துடலாம், இதுல ஜட்ஜுக்கே வேலை ஜாஸ்தி, ஆனா குற்றம் குறையுதுன்னு ஆய்வுல வந்தது இதுக்குத்தான்.

என் ஓட்டு டிரக் கோர்ட்டுக்கு, அடுத்து நியூயார்க் மாடல். வெறும் ட்ரில் கேம்ப்பை இன்னும் தூக்கிப் பிடிக்கிறவங்க 2006 ஜனவரி ஃப்ளோரிடா வீடியோவைப் பாக்கட்டும், பனாமா சிட்டி கேம்ப்ல மார்ட்டின் லீ ஆண்டர்சன்னு 14 வயசுப் பையன் வந்த முதல் நாளே ஓட்டத்துல சுருண்டு விழுறான், கார்டுங்க வாயைப் பொத்தி மூக்குல அமோனியா வைக்கிறாங்க, நர்ஸ் நின்னு பாத்துட்டு இருக்காங்க. மறுநாள் செத்துட்டான். ஃப்ளோரிடா அந்த வருஷமே அந்த கேம்ப்புகளை மூடிடுச்சு, கேஸ்ல மாட்டின எட்டு பேரும் 2007-ல விடுதலை.