சுங்கை சிப்புட்டில் லேசர் பேக்கேஜும் ஒரு ரிங்கிட் கிளினிக்கும்

ஊருக்கு லீவில் போகும்போது பல்லைப் பார்ப்பது, கண்ணாடி மாற்றுவது வழக்கம். இப்போது அதோடு பெண்களுக்கான பிறப்புறுப்பு லேசர் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்குள்ள விளம்பரங்கள் தோட்டத்து அக்காமார் கைப்பேசி வரை வந்துவிட்டன. அம்மா, அத்தை வயதுப் பெண்களுக்காக விசாரித்ததை எழுதுகிறோம்.

கடைத்தெரு அழகு நிலையம் ஒன்றில், மூன்று தடவை செய்தால் வறட்சி, எரிச்சல், இருமினால் சிறுநீர் கசிவது எல்லாம் போய்விடும் என்றார்கள். கடைசியாக பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை) எப்போது எடுத்தது என்று கேட்கவில்லை. என்ன லேசர் என்றால் பதில் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் கால் வைக்காதீர்கள். மலேசியாவில் இது மருத்துவர் கையால், பதிவுபெற்ற கிளினிக்கில் நடக்க வேண்டியது. கிளினிக் சுவரில் அதன் பதிவுச் சான்றுகளான போராங் பி, போராங் எஃப் தொங்குகிறதா பாருங்கள். மருத்துவரின் ஏபிசி (ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ்) இந்த ஆண்டுக்கு உரியதா என்றும், அழகியல் சிகிச்சைக்கான எல்சிபி என்ற அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

பொதுவாகப் புழங்குவது இரண்டு லேசர்: கார்பன் டை ஆக்சைடு (10,600 நானோமீட்டர்), எர்பியம் யாக் (2,940). விரல் தடிமனுள்ள கோலை உள்ளே வைத்து, சிறிது சிறிதாக வெளியே இழுத்தபடி ஒளியைப் பாய்ச்சுவார்கள். பிறப்புறுப்பின் உட்சுவரில் நுண்ணிய புள்ளி புள்ளியாகச் சூடு விழும். அந்தக் காயம் ஆறும்போது திசுவுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக வரும் என்பதே கணக்கு. லேசருக்குப் பதிலாகச் சில இடங்களில் வரும் ரேடியோ அலைக் கருவி வெட்டாது. திசுவை 40 முதல் 45 டிகிரிக்குச் சூடாக்கும். கோலை நகர்த்தாமல் ஒரே இடத்தில் பிடித்தாலோ, மெலிந்த தோலுக்கு சக்தியைக் கூட்டி வைத்தாலோ புண்ணாகும். புண் தழும்பானால் உறவின்போது வலி முன்பைவிட மோசமாகும்.

2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்ததும் இதைத்தான்: தீக்காயம், தழும்பு, நாள்பட்ட வலி. 2021இல் சிட்னி ஆய்வொன்றில் மாதவிடாய் நின்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு நிஜ லேசரும் மற்றவர்களுக்குப் போலி லேசரும் மும்மூன்று தடவை கொடுத்தார்கள். 12 மாதம் கழித்து இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. இவ்வளவு பணம் கேட்கும் ஒன்றுக்கு இது போதாது என்பதே எங்கள் முடிவு.

அரிப்பும் எரிச்சலும் என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம், சர்க்கரை ஏறினால் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் லேசர் அடிப்பது கொடுமை. சர்க்கரை, சிறுநீர், பாப் ஸ்மியர் மூன்றும் ஊர் கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசாங்க சுகாதார கிளினிக்) பார்க்கலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்குக் கூடுதல். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வேறெதற்கும் முன்னால் அதைக் காட்டுங்கள்.

தொற்று இல்லை, வெறும் வறட்சிதான் என்றால், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன் கிரீம் நன்றாகக் கேட்கும். மருத்துவர் சீட்டு வேண்டும். குழாயோடு வரும் அப்ளிகேட்டரில் வளையக் கோடு இருக்கும், அதுவரை நிரப்பினால் 0.5 கிராம். படுக்கப்போகும் முன் இரண்டு மூன்று வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. நான்கே நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சில வாரமாவது ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இந்த கிரீமைத் தொடக்கூடாது.

கசிவுக்கு இடுப்புத் தளப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை மேலே இழுத்து விடுவது, 8 தடவை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கிக் கசிவு கூடும். சரியாகச் செய்கிறோமா என்று பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் லேசர்தான் என்பவர்கள் நாள்காட்டியைப் பாருங்கள். மூன்று அமர்வுக்கும் இடையே 4 முதல் 6 வாரம் விட வேண்டும், இரண்டு வார லீவில் முடியாது. முதல் அமர்வோடு விமானம் ஏறினால், புண் வந்தால் காட்ட அந்த மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார். எந்தக் கருவி, எவ்வளவு சக்தி, எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.